அரக்கு வைத்த முடிவுகள்

786
கம்பம்மெட்டு
10-6-1957

அன்பு மருமகள் கௌலத்துக்கு உன் தாய்மாமன் நூஹு ராவுத்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சொன்னேனா இல்லையா? எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். ‘மூன்றாவது கையுறை’ என்று புதிதாக ஒரு மர்ம நாவல் வந்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கொலையாளி யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே சொன்னவன் இந்தக் கேரள ராஜ்யத்தில் நான் ஒருவன்தான். கடையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பதினெட்டுப் பேர் சாட்சி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், நான் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. சைனுதீன் முதலாளி தராசை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “ஓய் நூஹு, நீரு போலீசுல சேராதது கொலைகாரங்க நஸீபுவே” என்றார்.

கதை என்னவென்றால், மலைமேல் ஒரு மரவியாபாரியின் பங்களா. உள்ளே தாழ் போட்ட அறை. மனுஷன் நாற்காலியில் செத்துக் கிடக்கிறான். மேஜையில் கையுறை மூன்று. இரண்டு என்றால் ஒரு ஜோடி. மூன்றாவது யாருடையது? வீட்டில் இருப்பது சமையல்காரன், தம்பி மகள், பாட்டு வாத்தியார், ஓடி வந்து நாடி பார்த்த டாக்டர், தோட்டக்காரன். இவர்களில் ஒருவன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். இது தொழில் ரகசியம், உனக்கு மட்டும் சொல்கிறேன். ஏலக்காய் கொஞ்சம் மங்கலாக இருந்தால் நம்பலாம். ரொம்பப் பச்சையாகப் பளபளவென்று இருந்தால் சாயம் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். நாவலிலும் அப்படித்தான். யார் எல்லோரையும்விடப் பச்சையாக இருக்கிறான் என்று பார், அவனைப் பிடி.

என் தீர்ப்பு: முதல் சல்லடையில் நிற்கிற சரக்கு. நடுவில் பாட்டு வாத்தியார் அழுகிற இருபது பக்கம் மட்டும் தூசி. முடிவை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். தனிக் கவரில் போட்டு, கடைப் பார்சலுக்கு வைக்கிற அரக்கையே வைத்து ஒட்டியிருக்கிறேன். புத்தகத்தைப் படித்து முடித்த பிறகுதான் உடைக்க வேண்டும். முன்னாலேயே உடைத்தால் உன் கண்ணில் கட்டி வரும்.

இவ்வளவு புத்தகம் எனக்கு எங்கே கிடைக்கிறது என்று நீ கேட்டிருந்தாய். சாந்தன்பாறை எஸ்டேட் பங்களாவில் ஒரு அறை முழுக்கத் தமிழ் நாவல்தான். மாதம் ஒரு தடவை ஜீப் அனுப்பி என்னைக் கூட்டிப்போய், “ராவுத்தரே, இதுல எது தேறும்?” என்று கேட்கிறார்கள். நாலாம் கிளாஸ் படித்தவனுக்கு இந்த மரியாதை. அந்தக் காலத்து நாலாம் கிளாஸ் இப்போதைய பி.ஏ.வுக்குச் சமம் என்பது உனக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஸலாம். வாங்கிக்கொள்ள மாட்டாள், இருந்தாலும் சொல்லிவை.

உன் மாமா
நூஹு


புதுநகரம்
18-6-1957

அன்புள்ள மாமாவுக்கு கௌலத் எழுதுவது. வ அலைக்குமுஸ் ஸலாம்.

கடிதமும் கவரும் கிடைத்தன. கவரை உடைக்கவில்லை. அம்மாவிடம் உங்கள் ஸலாமைச் சொன்னேன். “அரிசி களைஞ்சாச்சா?” என்று கேட்டாள்.

இங்கே உள்ள நிலைமையைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் மேட்டுத்தெரு வாயனசாலையில் தமிழ்ப் புத்தகத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு அலமாரி. அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெண்கள் வாயனசாலைக்கு வர மாட்டார்கள் என்பதால் புத்தகத்தைப் பையில் போட்டு வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி, ரஜிஸ்தரில் எழுதுகிறேன். போன மாதம் எழுதியது ஒன்பது பெயர். ராஜ்யம் பிரிந்த பிறகு தமிழ் அலமாரி எதற்கு என்று கமிட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செக்ரட்டரி அர்த்தநாரி ஐயாவும் தமிழ்க்காரர்தான். ஆனால் அவர் முகதாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை. “அம்மிணி, ஜூலையும் ஆகஸ்டும் மாசத்துக்கு நாப்பது பேரு ரஜிஸ்தர்ல இருக்கோணும். இல்லீன்னா அலமாரியக் காலி பண்ணிப் பெட்டியில கட்டிப் போடறதுதான்” என்று சொல்லிவிட்டார்.

அந்த அலமாரி போனால் எனக்கு வீட்டைவிட்டு வெளியே இறங்க ஒரு காரணமும் இல்லை, மாமா. உங்களுக்கு அது தெரியும்.

உங்கள் கடிதத்தை ருக்கியா மாமி வீட்டில் வாசித்துக் காட்டினேன். கையுறை மூன்று என்ற இடத்தில் மாமி ஆப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். ஆறு பேர் அந்தப் புத்தகம் வேண்டும் என்கிறார்கள். கோயம்புத்தூருக்கு எழுதி வரவழைக்கக் கமிட்டியில் அனுமதி வாங்கிவிட்டேன்.

ஆகவே இன்னும் எழுதுங்கள். ஆனால் ஒன்று. இரண்டு வருஷம் முன்னால் கொல்லங்கோட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கள் பெண் முந்நூறு புத்தகம் படித்தவள் என்று சொன்னீர்கள். நான் படித்திருந்தது தொண்ணூறு. இவ்வளவு படித்த பெண்ணுக்கு நாங்கள் என்ன சொல்லி என்ன என்று அவர்கள் எழுந்து போனார்கள். இனி வாசலில் கால் வைக்காதே என்று அம்மா உங்களைச் சொன்னதும் அன்றைக்குத்தான். மாப்பிள்ளை போனதற்கு நான் அழவில்லை. ஆனால் இன்றுவரை தெருவில் என்னை ‘முந்நூறு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

புத்தகத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். எஸ்டேட் ஜீப் வேண்டாம்.

கௌலத்


786
கம்பம்மெட்டு
27-6-1957

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

முந்நூறு என்றது பொய் இல்லை. முன்கூட்டியே சொன்னது. நீ போகிற வேகத்தில் இன்னும் நாலு வருஷத்தில் முந்நூறைத் தாண்டுவாய், அப்போது கொல்லங்கோட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்து கையைப் பிடிப்பார்கள். இருந்தாலும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, இனிமேல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இது நூஹு ராவுத்தர் வாக்கு.

நாற்பது பேர் ஒரு கணக்கா? நான் எழுதுகிற எழுத்துக்கு நானூறு வரும். பையை இரண்டாகத் தைத்து வைத்துக்கொள்.

இந்தத் தடவை மர்மம் இல்லை, மாயம். ‘ஏழு நிழல் அரசி’. இப்படி ஒரு கதையை நான் இதுவரை கண்டதில்லை. ஒரு அரசி. வெயிலில் நின்றால் அவளுக்கு ஏழு நிழல் விழும். ஒன்று அவள் மாதிரியே இருக்கும், ஒன்று குழந்தை, ஒன்று கிழவி, ஒன்று மயில், மற்றதை நீயே படி. ஒரு மந்திரவாதி பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு நிழலைச் சுருட்டிக் கமண்டலத்தில் போட்டுக்கொண்டு போகிறான். நிழல் போகப் போக ராஜ்யத்தில் ஒவ்வொன்றாக மறக்கிறது. முதலில் ஜனங்களுக்குப் பாட்டு மறந்துபோகிறது. பிறகு உப்புப் போட மறக்கிறார்கள். பிறகு பிள்ளைகளின் பெயர் மறக்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது கூட்டியது இல்லை.

அரசியை ஆற்றைக் கடத்துகிற ஓடக்காரன் ஒருவன் வருகிறான். ஒரே ஒரு அத்தியாயம்தான். அவனுக்கு நிழலே கிடையாது. ஏன் என்று எழுதினவர் சொல்லவில்லை. அவனைக் கவனித்துக்கொள். நான் நாற்பதாம் பக்கத்திலேயே கவனித்துவிட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விமரிசனம் இல்லை. மந்திரவாதி சிரிக்கும்போதெல்லாம் ‘ஹஹ்ஹஹ்ஹா’ என்று ஒரு வரி முழுக்க அச்சடித்திருக்கிறார்கள். எண்ணினேன், பதினாறு இடம். காகிதத்துக்குக் கேடு. மற்றபடி, சல்லடைக்கு மேலேயே நிற்கிற சரக்கு. பீர்மேட்டிலிருந்து கம்பம் வரைக்கும் இதற்கு ஜோடி இல்லை.

முடிவு அரக்குக் கவரில். உடைக்கிற நாளில் பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளச் சொல், அழுவார்கள்.

மாமா


புதுநகரம்
16-7-1957

அன்புள்ள மாமாவுக்கு,

‘மூன்றாவது கையுறை’ வந்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரும் திறக்காமல் எட்டு வீடு சுற்றி, போன வெள்ளிக்கிழமை உங்கள் கவரை உடைத்தோம். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம் ருக்கியா மாமி வீட்டு அடுக்களை முற்றத்தில் எல்லோரும் கூடினோம். இதற்கு ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. கவரை உடைக்கும் முன்னால் ஒவ்வொருவரும், நூஹு ராவுத்தர் யாரை எழுதியிருப்பார் என்று சொல்ல வேண்டும். தோற்றவள் ஜெயித்தவள் வீட்டு மாவை ஆட்டிக் கொடுக்க வேண்டும்.

வயல்காட்டு மருதாத்தாளும் வந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, மருமகள் வாசிக்கக் கேட்டவர். “டாக்டருதானுங்க. ஒரு எழவு ஊட்டுக்குள்ள வந்தவன் கையக் கழுவாம சோறு திங்கறானுங்க. கையுறையப் போட்டுட்டுக் காரியத்த முடிச்சவனுக்குத்தான் கை அழுக்காவாது” என்றார். கவரை உடைத்தேன். “டாக்டர். நாடி பார்த்தபோது மனுஷன் சாகவில்லை, பார்த்த பிறகுதான் செத்தான்” என்று எழுதியிருந்தீர்கள். புத்தகத்தில் இருப்பதும் அதேதான். தோற்ற ருக்கியா மாமிக்கு மூன்று படி மாவு ஆட்டுகிற வேலை.

மாமா, உண்மையாகவே சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்த மாதம் இன்றுவரை முப்பத்தொரு பெயர். ‘ஏழு நிழல் அரசி’க்கு இப்போதே பதினான்கு பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து வரும் வாரம் வரும். உப்புப் போட மறக்கிற இடத்தைக் கேட்டதிலிருந்து ருக்கியா மாமி வீட்டில் குழம்பு உப்புக் கரிக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீங்கள் வரவில்லை. அம்மா தட்டு ஒன்று கூடுதலாக எடுத்துவைத்து, பிறகு அதை உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

கௌலத்


786
கம்பம்மெட்டு
25-7-1957

அன்பு மருமகளுக்கு,

முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாய். நான் முப்பது என்று சைனுதீனிடம் சொல்லியிருந்தேன், ஒன்று பிசகிவிட்டது. மருதாத்தாளுக்கு என் ஸலாம் சொல். அவருக்கு மட்டும் எழுத்துத் தெரிந்திருந்தால் எனக்குப் பிழைப்புப் போயிருக்கும்.

‘ஏழு நிழல் அரசி’ எழுதினவருக்கு என் அபிப்ராயத்தை ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். “உங்களைப் போல என் கதையின் உள்ளே புகுந்தவர் யாரும் இல்லை” என்று பதில் வந்திருக்கிறது. கார்டு மழையில் நனைந்துவிட்டது, இல்லாவிட்டால் அனுப்பியிருப்பேன்.

அரசி கவரைக் கவனமாக உடைக்கவும்.

இங்கே காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. விரல் நுனியெல்லாம் ஏலக்காய் வாசம், எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பாயசம் வைத்த மாதிரி இருக்கிறது.

அந்தத் தட்டு எந்தத் தட்டு? நீலப் பூப் போட்டதா?

மாமா


புதுநகரம்
13-8-1957

மாமாவுக்கு,

ஜூலை நாற்பத்தாறு பெயரோடு முடிந்தது. அந்தச் சந்தோஷத்தை நீங்கள் முடித்துவைத்தீர்கள்.

வெள்ளிக்கிழமை ‘ஏழு நிழல் அரசி’ கவரை உடைத்தோம். நீங்கள் எழுதியிருந்தது இது: ஆறு நிழலும் போன பிறகு அரசி ஏழாவது நிழலைத் தானே எடுத்து ஓடக்காரனுக்குப் போர்த்திவிடுகிறாள். தானாகக் கொடுத்த நிழலைத் திருட முடியாது என்பதால் கமண்டலம் வெடித்து ஜனங்களுக்கு எல்லாம் நினைவு வருகிறது. அரசிக்கு மட்டும் நிழல் இல்லை. அவள் நின்ற இடத்தில் எப்போதும் உச்சி வெயில். வாசித்து முடிப்பதற்குள் நீங்கள் சொன்ன அந்தத் துணி நாலைந்து கை மாறிவிட்டது.

பிறகு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தால், தெற்கிலிருந்து ஒரு இளவரசன் குதிரையில் வந்து மந்திரவாதியை வெட்டி, ஏழு நிழலையும் மீட்டு, அரசியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஓடக்காரன் அதற்குப் பிறகு வரவே இல்லை.

நீங்கள் கடைசிப் பக்கம் படிக்கவே இல்லை. அப்படித்தானே?

கதை இதோடு நிற்கவில்லை. விஷயம் அர்த்தநாரி ஐயா காதுக்குப் போய், புத்தகத்தையும் உங்கள் கவரையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, புஸ்தகத்துல இல்லாதத உங்க மாமன் எழுதியிருக்காரு. ஒம்பது பேரு இருந்த ரஜிஸ்தர்ல திடீர்னு நாப்பத்தாறு பேரு இருக்குது. மாமன் எழுதறது பொய்யின்னா மருமக எழுதறது மட்டும் மெய்யின்னு நான் எத வெச்சு நம்பறது?” என்றார். செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி கூடுகிறது. அதற்குள் நம்பும்படி ஒரு பதில் இல்லாவிட்டால் அலமாரி போகும், கள்ளக் கணக்கு எழுதினவள் என்ற பெயரோடு போகும்.

அந்த ரஜிஸ்தரில் ஒரு பெயர்கூடப் பொய் இல்லை. மழையில் நடந்து நடந்து எழுதிய பெயர்கள்.

இரண்டாவது தடவை, மாமா. புத்தகம் எங்கிருந்து வருகிறது, முடிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கமிட்டியில் வாசிக்கும்படி எழுதி அனுப்புங்கள். உண்மையை மட்டும். முடியாவிட்டால் வெறும் கார்டு அனுப்பினாலும் புரிந்துகொள்வேன்.

கௌலத்


786
கம்பம்மெட்டு
20-8-1957

மேட்டுத்தெரு வாயனசாலைக் கமிட்டியாருக்கு, கௌலத்தின் தாய்மாமன் நூஹு ராவுத்தர் எழுதிக்கொள்வது.

மேலே நாலு வரி அடித்திருக்கிறேன். அதற்கு மன்னிக்கவும். அதில் எஸ்டேட் ஜீப் வந்துவிட்டது. எஸ்டேட் இருக்கிறது, ஜீப்பும் இருக்கிறது, அது எனக்காக ஒரு நாளும் நின்றதில்லை.

நான் கம்பம்மெட்டில் சைனுதீன் ராவுத்தர் ஏலக்காய்க் கடையில் சல்லடை பிடிக்கிறவன். ஊரில் சொல்லிக்கொண்டதுபோல மேனேஜர் இல்லை. மாதிரிக் காய் மடித்துக் கொடுப்பதற்குக் கடைக்குப் பழைய காகிதம் வேண்டும். மாதம் ஒரு கட்டு கம்பத்திலிருந்து மேலே வரும். அதில் விற்காமல் திரும்பிய மாத நாவல் ஒன்றிரண்டு இருக்கும். புதுப் புத்தகம், மை வாசம்கூடப் போயிருக்காது. யாரும் புரட்டாதவை. அதைத்தான் நான் படிக்கிறேன்.

முதலாளி வியாபாரத்துக்குப் புத்தகத்தைப் பின்னாலிருந்து கிழிப்பார். நான் ஓய்ந்த நேரத்தில் முன்னாலிருந்து படிப்பேன். இரண்டு பேரும் நடுவில் எங்கேயாவது முட்டிக்கொள்வோம். சந்தை நாள் என்றால் அவர் வேகம் அதிகம், மழை நாள் என்றால் என் வேகம் அதிகம். எப்படியானாலும் கடைசி அத்தியாயம் எனக்குக் கிடைத்ததே இல்லை. டாக்டர் கொலை செய்ததை மடித்து யாரோ ஒரு போடிநாயக்கனூர் வியாபாரி வாங்கிக்கொண்டு போயிருப்பான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன் என்று மருமகளுக்கு எழுதியது பொய்.

அதனால் முடிவை நானே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். டாக்டர் விஷயத்தில் சரியாக வந்தது. அரசி விஷயத்தில் வரவில்லை. புத்தகம் எழுதினவர் எனக்குக் கார்டு போடவும் இல்லை.

இது என் பொய். கவரும் என்னுடையது, அரக்கும் என்னுடையது. கௌலத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒன்றைக் கூட்டி எழுத வராது. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடினால் கண்ணை நிஜமாகவே மூடிக்கொள்வாள். ரஜிஸ்தரில் நாற்பத்தாறு என்று எழுதியிருந்தால் நாற்பத்தாறு. சந்தேகம் இருந்தால் வீடுவீடாகப் போய்க் கேளுங்கள். என்னை நம்ப வேண்டியதில்லை.

இதற்கு மேல் உண்மையாக எழுத எனக்குப் பழக்கம் போதாது.

நூஹு


புதுநகரம்
3-9-1957

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் உங்கள் கடிதத்தை அர்த்தநாரி ஐயாவே வாசித்தார். இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொள்வோம் என்ற இடத்தில் நான்கு பேர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏமாத்தறவன் இப்பிடித் தன்னையே போட்டுக் குடுக்க மாட்டான். இந்தாளு சொல்றதுல ஒண்ணு சரி. போய்க் கேக்கறதுதான் நாயம்” என்று சொல்லி, ரஜிஸ்தரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கூட வரக் கூடாது என்றார். அந்த நாள் முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

நடந்ததை ருக்கியா மாமி சொல்லித்தான் தெரியும். வாசலில் நின்று, “இந்தக் கையுறைப் புஸ்தகத்த நீங்க படிச்சீங்களா?” என்று கேட்டிருக்கிறார். மாமி கதவுக்குப் பின்னாலிருந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பாட்டு வாத்தியார் அழுகிற இருபது பக்கத்தைக்கூட விடவில்லை. அவர் போதும் போதும் என்கிறார், மாமி, “இருங்க, இனிமேதான் டாக்டர் வர்றாரு” என்கிறாளாம்.

மருதாத்தாள் இன்னும் ஒரு படி மேலே. அவரையே களத்து மேட்டில் உட்காரவைத்து, “நீங்க படிச்சவிங்க, ஒரு நாயஞ் சொல்லுங்க. கடைசி அத்தியாயத்துல குதிரையில வர்றானே எளவரசன், அவன் அதுக்கு முன்னால எங்கீங்க மேஞ்சிட்டு இருந்தான்? ஊரே பிள்ள பேர மறந்து கெடக்கறப்ப வராதவன் கண்ணாலத்துக்கு மட்டும் வந்துட்டானுங்களா?” என்று கேட்டிருக்கிறார். அர்த்தநாரி ஐயா, “ஓடக்காரந்தான் சரி” என்றாராம்.

நேற்று மாலை ரஜிஸ்தரை என் கையில் கொடுத்தார். “அம்மிணி, உங்க ரஜிஸ்தர் பொய்தானுங்க” என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. “நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கறீங்க. நான் கேட்ட வரைக்கும் அம்பத்தஞ்சு. ஒரு ஊட்டுல இருந்து இன்னொரு ஊட்டுக்குக் கைமாறிப் படிச்சவிங்கள நீங்க எழுதவே இல்ல. இனி ஒழுங்கா எழுதுங்க” என்றார். ஆகஸ்ட் மாதம் அறுபத்தொன்று. அலமாரி இருக்கும். இன்னொரு தட்டு அடித்துத் தருகிறார்கள். ‘ஏழு நிழல் அரசி’க்குள் உங்கள் கவரையும் வைத்து ஒட்டச் சொல்லிவிட்டார். படிக்கிறவர்கள் இரண்டு முடிவையும் படித்துக்கொள்ளட்டுமாம்.

உங்கள் கமிட்டிக் கடிதத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கண்ணாமூச்சி என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “அவனுக்கு உண்மை சொல்லவும் தெரியுமா?” என்றாள். பிறகு, “மீலாதுக்கு வரச் சொல்லு. அந்த நீலப் பூத் தட்டு வெளியதான் இருக்கு” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவில்லை.

நேற்று எண்ணிப் பார்த்தேன். நூற்று எழுபத்திரண்டு. முந்நூறுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

கௌலத்


786
கம்பம்மெட்டு
12-9-1957

அன்பு மருமகள் கௌலத்துக்கு மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சொன்னேனா இல்லையா? அலமாரி நிற்கும் என்று ஜூன் மாதமே சொன்னேன். நானூறு வரும் என்றேன், அறுபத்தொன்று வந்தது, அதைப் பெரிய பிசகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீலப் பூத் தட்டு என்றும் நான்தான் முதலில் சொன்னேன். உன் கடிதத்தைப் பொறுக்குகிற பெண்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இளவரசன் மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒருத்தி சிரித்த சிரிப்பில் சுளகு கவிழ்ந்து காயெல்லாம் தரையில். சைனுதீன் முதலாளி கோபப்படவில்லை. “மருதாத்தாள்னு ஒரு அம்மா இருக்காகளாமே, அவுகள நம்ம கடைக்கு வேலைக்குக் கூப்பிடும்வே” என்றார்.

அர்த்தநாரி ஐயாவுக்கு என் ஸலாம் சொல். படிக்கத் தெரிந்தவர்.

மீலாதுக்கு இன்ஷா அல்லாஹ் வருகிறேன். முந்தின நாள் காலையில் கம்பத்துக்கு இறங்கி பஸ் ஏறுவேன். அக்காவுக்கு முதல் சல்லடைக் காய் கொஞ்சம் கொண்டு வருகிறேன். பச்சை கம்மியாகத்தான் இருக்கும், சாயம் இல்லாதது.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எனக்காக அந்தக் கமிட்டிக் கடிதத்தை அக்காவிடம் வாசித்திருக்கிறாய். அதில் ஒரு விஷயம் நான் சொந்தமாகச் சேர்த்தது. மற்றதெல்லாம் உண்மை. கட்டு உண்மை, சல்லடை உண்மை, ஜீப் நிற்காதது உண்மை. சைனுதீன் முதலாளி மட்டும் ஒரு தாளும் கிழிக்கவில்லை.

கட்டு வந்ததும், “ஓய், உமக்கு வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சத்தக் குடும்” என்றுதான் அவர் சொல்வார். புத்தகமெல்லாம் முழுசாகத்தான் என் கைக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தைப் பின்னாலிருந்து பிரித்தெடுத்தது நான். படிக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே பிரித்து, பார்க்காமல் மடித்து, ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடுவேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு புத்தகம் முடிந்துவிட்டால் அடுத்த கட்டு வர ஒரு மாதம் ஆகும். முடிக்காமல் வைத்திருந்தால் அந்த மாதம் முழுக்க டாக்டரும் அரசியும் ஓடக்காரனும் என்னோடு கடையில் இருப்பார்கள். என் சௌகரியத்துக்கு எதை வேண்டுமானாலும் செய்யவைக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர்கள்கூடத் திரும்பி வருவார்கள்.

இரண்டு வருஷத்தில் இருபத்துமூன்று முடிவு சேர்ந்திருக்கிறது. பெட்டியோடு கொண்டு வருகிறேன். நீ வாசி, அக்காவும் கேட்கட்டும், நானும் கேட்கிறேன். இதைக் கமிட்டியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பெட்டி நிஜம். நம்பிக்கை இல்லாவிட்டால் குலுக்கிப் பார்.

உன் மாமா
நூஹு